இடது பக்கத்துப் புலி

புலியின் இரண்டு பக்கங்களும் ஒன்றுபோல இருப்பதில்லை. இடது விலாவின் வரிகள் வேறு, வலது விலாவின் வரிகள் வேறு. ஒன்றைப் பார்த்து மற்றதை ஊகிக்க முடியாது. அதனால் காட்டில் கமெரா வைப்பவர்கள் அதைச் சோடியாகத்தான் வைப்பார்கள். புலி நடக்கும் தடத்தின் இரு ஓரத்திலும், ஒன்றையொன்று பார்த்தபடி. இரண்டும் வேலை செய்தால் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் பதிவாகும். ஒன்று பழுதானால் உங்களிடம் மிஞ்சுவது பாதிப் புலி.

பனிநாட்டு நகரமான மார்க்கத்தில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் நான் வேலை செய்கிறேன். வங்காளத்தில், ஆறுகள் கடலில் கலக்கும் இடத்தில் இருக்கும் சுந்தரவனக் கண்டல் காடுகளில் ஓர் ஆய்வுக் குழு படம் எடுக்கிறது. அந்தப் படங்களில் இருக்கும் புலிகளை வரிகளைக் கொண்டு அடையாளம் காணும் மென்பொருளை நாங்கள் செய்து கொடுக்கிறோம். 'இது இந்தப் புலியாக இருக்கலாம்' என்பதோடு மென்பொருளின் வேலை முடிந்துவிடும். முடிவைச் சொல்வது மனிதக் கண். அந்தக் கண்களில் ஒரு சோடி என்னுடையது.

அந்தக் காட்டில் உப்புத் தண்ணீர் நாளுக்கு இரண்டு தடவை ஏறி இறங்கும். கமெராக்கள் சீக்கிரம் கெட்டுவிடும். அதனால் எங்களிடம் பாதிப் புலிகள் அதிகம். இடது பக்கம் மட்டும் தெரிந்தவற்றுக்கு எல் எண். வலது பக்கம் மட்டும் தெரிந்தவற்றுக்கு ஆர் எண். ஓர் எல்லும் ஓர் ஆரும் ஒரே மிருகமாக இருக்கக்கூடும் என்பது வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் சொல்லித் தரும் பாடம். புதியவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பதே நான்தான்.

எல்-12 என்னுடையவள். அப்படிச் சொல்ல எனக்கு ஓர் உரிமையும் இல்லை. ஆனால் அவளை முதலில் கண்டது நான். மங்கல் என்று ஒதுக்கிய படங்களை ஒரு மதிய இடைவேளையில், சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமல் புரட்டிக்கொண்டிருந்தபோது அகப்பட்டாள். சேறு காலுறை போட்டதுபோல முழங்கால் வரை ஒட்டியிருந்தது. சேற்றிலிருந்து ஆணிகளாக நிமிர்ந்து நிற்கும் வேர்களுக்கிடையில் ஒவ்வொரு காலாகப் பார்த்து வைத்து நடந்தாள். தோளுக்குப் பின்னால் ஒரு வரி இரண்டாகப் பிரிந்து, கொஞ்சத் தூரம் போய், மறுபடி ஒன்றாகச் சேர்ந்தது, நெடுஞ்சாலையிலிருந்து இறங்கிய கார் யோசித்துவிட்டு அதிலேயே திரும்ப ஏறுவதுபோல. பிறகு வந்த பருவங்களிலும் அந்த வரியை வைத்தே அவளைக் கண்டுபிடித்தேன். இரையோடு ஒரு படம் இல்லை, குட்டியோடு ஒரு படம் இல்லை. நடப்பாள், அவ்வளவுதான். எனக்கு அது போதுமாயிருந்தது, எதிர் மேசைக்காரியின் புலியைப் பற்றி எல்லோரும் பேசத் தொடங்கும்வரை.

எதிர் மேசையில் இருப்பவள் என்னைவிடச் சில வயது இளையவள். பக்கத்தில் யூனியன்வில்லில் பெற்றோருடன் இருக்கிறாள். அவர்கள் மட்டக்களப்பு வாவிக்கரை ஆட்கள், நாங்கள் யாழ்ப்பாணம். அலுவலகத்தில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இருவர்தான். சேர்ந்த அன்றே என்னை அக்கா என்று கூப்பிட்டுவிட்டாள். அப்படிக் கூப்பிடுகிறவள்மீது பொறாமைப்படுவது மிகவும் சிரமமான காரியம்.

அவளுடைய புலி ஆர்-7. வலது பக்கம் மட்டும் தெரிந்த பெண்புலி. என்னுடையவள் தீவின் உட்புறத்தில் நடந்தாள். ஆர்-7 தீவின் விளிம்பில், ஓடைக்கு அக்கரையில் கிராமம் இருக்கும் இடத்தில் திரிந்தாள். அந்தக் கிராமத்துக்குப் புலி என்பது எங்களுக்குப் பனிக்காலம் மாதிரி. வரும் என்று தெரியும், தடுக்க முடியாது, ஆயத்தமாக இருக்கலாம். கரை நெடுக நைலோன் வலை கட்டியிருப்பார்கள். ஊர்க்குழு ஒன்று முறைபோட்டு வலையைப் பார்த்துவரும். நண்டு பிடிக்கவும் தேன் எடுக்கவும் காட்டுக்குள் போகிறவர்கள், இந்துக்களானாலும் முஸ்லிம்களானாலும், வனதேவியைக் கும்பிட்டுவிட்டுத்தான் படகேறுவார்கள். போகிற எல்லோரும் திரும்பி வருவதில்லை.

ஒரு தடவை ஆர்-7 ஓடையை நீந்தி வந்து, வலையில் இருந்த கிழிசலுக்குள்ளால் புகுந்து, ஒரு மாட்டுக்கொட்டிலின் பின்னால் பகல் முழுக்கப் படுத்திருந்தாள். ஊர்க்காரர்கள் அவளை அடிக்கவில்லை. ஓடைப் பக்கத்து வலையை அவிழ்த்துவிட்டு, மற்றப் பக்கங்களில் தடிகளோடு நின்று, பட்டாசு கொளுத்தி, வந்த வழியே அனுப்பிவைத்தார்கள். இந்த அறிக்கை மின்னஞ்சலில் வந்தபோது எங்கள் மேலாளர் அதை எல்லோருக்கும் உரக்க வாசித்தார். அதன்பின் சாப்பாட்டு அறையில் வேறு பிரிவு ஆட்கள்கூட எதிர் மேசைக்காரியிடம் ஆர்-7 இந்த வாரம் என்ன செய்தது என்று கேட்கத் தொடங்கினார்கள். எல்-12 பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நடந்தாள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

எதையும் வரிசைப்படுத்தினால்தான் என் மனம் அடங்கும். வேலை முடிந்து ஸ்காபரோவில் இருக்கும் வீட்டுக்குக் கார் ஓட்டிக்கொண்டு போகும்போது, எனக்கு எதிலெல்லாம் எரிச்சல் என்று வரிசைப்படுத்தினேன். முதலாவது, அவளுடைய புலிக்குக் கதை இருக்கிறது. இரண்டாவது, அந்தக் கதையை அவள் தேடவில்லை, அது தானாக வந்து மடியில் விழுந்தது. மூன்றாவது, அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. நான்காவதுக்கு வருமுன் எங்கள் கட்டடத்தின் தரிப்பிடம் வந்துவிட்டது. நான்காவதுதான் பெரியது. ஆர்-7ஐ ஓர் ஊரே கண்டிருக்கிறது. என்னுடையவளைக் கண்ணால் கண்டவர் ஒருவரும் இல்லை, நான் உட்பட.

அதைத் தீர்க்க ஒரு வழி வந்தது. அடுத்த பருவத்தில் கமெரா கட்டப் போகும்போது எங்களில் ஒருவர் கூடப் போகலாம் என்று ஆய்வுக் குழு எழுதியிருந்தது. ஒருவர் மட்டும். கிராமத்தில் தங்கி, குழுவோடு படகில் போய், படங்களை அங்கிருந்தே ஏற்றும் முறையைச் சரிசெய்ய வேண்டும். அந்தப் பகுதியின் நிரலை எழுதியதே நான். போகப்போவது நான்தான் என்று முடிவுசெய்து, என்னென்ன கொண்டுபோவது என்றுகூட யோசிக்கத் தொடங்கியிருந்தேன்.

மேலாளர் என்னைக் கூப்பிட்டு ஒரேயொரு கேள்வி கேட்டார். நீந்தத் தெரியுமா?

உயிர்காப்பு அங்கி தருவார்கள்தானே என்றேன். தருவார்கள், ஆனால் நீந்தத் தெரியாதவரைப் படகில் ஏற்றுவதில்லை என்பது அவர்களுடைய விதி என்றார். என்னுடைய சனிக்கிழமைகள் தமிழ்ப் பள்ளிக்கும் கணக்கு வகுப்புக்கும் வயலினுக்கும் போய்விட்டவை. தண்ணீருக்கு நேரம் மிஞ்சவில்லை. எதிர் மேசைக்காரிக்கோ நடை பழகிய கையோடு நீச்சலும் வந்துவிட்டது. வாவிக்கரையில் பிறந்த தகப்பன், பிள்ளை நீந்தத் தெரியாமல் வளர்ந்தால் ஊரில் சிரிப்பார்கள் என்று, வேலை முடிந்து வந்த களைப்போடு அவளைச் சமூக நிலையத்துத் தடாகத்தில் இறக்கிவிட்டாராம்.

அன்று பின்னேரம் அவள் என் மேசைக்கு வந்தாள்.

"அக்கா, நீங்கதான் போகவேணும் எண்டு நான் அவரிட்டச் சொன்னனான்."

"ஏன் அப்பிடிச் சொன்னனீர்?"

"உங்களுக்குத்தானே விருப்பம் கூட. எனக்கு, லைக், சேறு, நுளம்புக்கடி… அப்பா ஊர்க்கதை சொல்லேக்கையே எனக்குக் காணும், போதும் எண்டு வரும்."

"விருப்பமில்லாட்டி ஏன் ஓம் எண்டனீர்?"

"கேட்டவர். ஓம் எண்டிட்டன்." தோளைக் குலுக்கினாள்.

ஒருவருக்கு அவ்வளவு வேண்டாத ஒன்று அவ்வளவு இலகுவாகக் கிடைப்பதைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியிருந்தது. நான் வாழ்த்துச் சொன்னேன். என் குரல் நன்றாகவே ஒத்துழைத்தது.

வீட்டில் அம்மா கறியை மாவுக்குள் வைத்துப் பற்றிஸ் மடித்துக்கொண்டிருந்தார்.

"நல்லதாப் போச்சு. புலிக்குச் சாப்பாடாப் போறதுக்கோ உன்னைப் படிப்பிச்சது?"

"எனக்குப் போக விருப்பம், அம்மா."

"விருப்பம் இல்லையடி, எரிச்சல். முகத்தில எழுதிக் கிடக்கு. அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை. இஞ்ச வந்தபோது தன்ர கோப்பையைக் கழுவிக் கவிட்டு வைச்சிட்டுப் போனவள்."

"கோப்பை கழுவினதுக்கே அவளை அனுப்பினது?"

"என்னைக் கேட்டா? நான் சொன்னதைக் கேள். பக்கத்து வீட்டு அன்ரி உனக்கு என்ன வேலை எண்டு கேட்டவ. புலி பாக்கிற வேலை எண்டன். அவ கதவைச் சாத்திப்போட்டு மெல்லக் கேக்கிறா, இன்னும் இருக்கினமோ எண்டு. இனி ரைகர் எண்டு இங்கிலீசிலதான் சொல்லப்போறன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. எரிச்சல் அப்படியே இருந்தது.

எதிர் மேசைக்காரி விமானம் ஏறிய வாரமே நான் பெரியவர்களுக்கான நீச்சல் வகுப்பில் சேர்ந்தேன். கூட இருந்தவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சை ஊதச் சொன்னார்கள். ஊதினேன். காலை உதைக்கச் சொன்னார்கள். உதைத்தேன், இருந்த இடத்திலேயே இருந்தேன். எங்கோ ஒரு பெண்புலி ஒரு கரையிலிருந்து மற்றக் கரைக்கு ஓசையில்லாமல் நீந்திப் போகிறது, நான் இங்கே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று நினைத்ததும் புலிமீதும் பொறாமை வந்தது. தலைமுடி குளோரினில் காய்ந்து தும்பாகிறது என்று அம்மா ஒவ்வொரு வகுப்புக்குப் பிறகும் சொன்னார். நான் ஒரு வகுப்பும் தவறவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் அவள் வீடியோவில் கூப்பிடுவாள். அவளுக்கு அது பொழுதுபடும் நேரம். கிராமத்தில் ஒரு பெண்ணின் வீட்டில் தங்கியிருந்தாள். அந்தப் பெண்ணின் கணவர் நண்டு பிடிக்கப் போன இடத்தில் புலி அடித்து இறந்தவர். வீட்டுக்குப் பின்னால் அணைக்கட்டு, அதற்குப் பின்னால் ஓடை, அதற்கு அப்பால் காடு. தொலைபேசியைத் திருப்பிக் காட்டுவாள். காடு ஒரு கறுத்தக் கோடாகத் தெரியும்.

"அக்கா, இஞ்ச ஒருத்தரும் காட்டுக்குள்ள அந்தப் பேரைச் சொல்லமாட்டினம். மாமா எண்டுதான் சொல்லுவினம். பெண் எண்டாலும் மாமாதான்."

பின்னாலிருந்து அம்மா, "எங்கட மாமாமாரும் அப்பிடித்தான் பிள்ளை. சொல்லாமக் கொள்ளாம வந்து நிப்பினம்" என்றார்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது. "இண்டைக்கு நாங்கள் இறங்கின இடத்தில கால்தடம் கிடந்தது, அக்கா. பக்கத்துக் குழியெல்லாம் தண்ணி. அந்தத் தடத்துக்குள்ள மட்டும் தண்ணி இன்னும் ஊறேல்ல. அப்ப, இப்பத்தான் போயிருக்கு. எல்லாரும் கதைக்கிறதை நிப்பாட்டிட்டினம். எனக்குக் கால் ரெண்டும் நடுங்கத் தொடங்கீட்டுது."

அதைச் சொல்லும்போது அவள் முகம் விளக்குப் போட்டதுபோல இருந்தது. சேறும் நுளம்பும் வேண்டாம் என்றவள்தான். நான் வாழ்க்கையில் பரீட்சைக்குப் பயந்திருக்கிறேன், பனியில் கார் வழுக்கியபோது பயந்திருக்கிறேன். அவளுக்குக் கிடைத்த பயம் வேறு. அது எனக்கு வேண்டும் என்று இருந்தது.

அப்போது அந்த வீட்டுப் பெண் தொலைபேசிக்குள் எட்டிப் பார்த்து வங்காளத்தில் ஏதோ கேட்டார். குழுவில் ஒருவர் அதை ஆங்கிலத்தில் சொல்ல, அவள் எனக்குத் தமிழில் சொன்னாள்.

"இந்தப் பிள்ளை அங்கயிருந்து மாமாவைப் பாக்குதோ எண்டு கேக்கிறா."

"ஓம் எண்டு சொல்லும். படத்தில பாக்கிறன்."

அவர் மறுபடி பேசினார். நீளமாக. அவள் கேட்டுவிட்டுக் கொஞ்சம் தயங்கினாள்.

"நீங்க குடுத்து வைச்சனீங்களாம். நீங்க மாமாவைப் பாக்கலாம், மாமா உங்களைப் பாக்க ஏலாது. தன்ர மனிசனும் அப்பிடி ஒரு இடத்தில இருந்து பாத்திருந்தா இண்டைக்கு இருந்திருப்பாராம்."

அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாக அல்ல. கடைக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் ஒன்றைப் பார்ப்பதுபோல. கையெடுத்துக் கும்பிட்டேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் அழைப்பு முடிந்து தேநீர் ஊற்றும்போது என் மனதில் நின்றது அவர் அல்ல, தண்ணீர் ஊறாத அந்தக் கால்தடம்தான்.

அந்தப் பருவத்தில் கமெராக்களை உயரமான கம்பங்களில் கட்டியதால் சோடிகள் பெரும்பாலும் தப்பின. படங்கள் வந்து குவிந்தன. ஒரு காலை, கால்தடம் கிடந்த அதே இடத்துச் சோடியிலிருந்து இரண்டு படங்கள் வந்தன. இடது பக்கக் கமெராவின் படத்தைத் திறந்தேன். தோளுக்குப் பின்னால் வரி பிரிந்து, போய், திரும்பச் சேர்ந்தது. எல்-12. தீவின் விளிம்புக்கு வந்திருக்கிறாள் என்று மகிழ்ந்தபடி அதே கணத்தில் எடுத்த வலது பக்கப் படத்தைத் திறந்தேன்.

வயிற்றோரம் மூன்று வரிகள் பின்னல்போலப் பின்னியிருந்தன. எனக்கு மென்பொருள் தேவைப்படவில்லை. ஆர்-7இன் பக்கத்தைப் பொறாமையினாலேயே நான் மனப்பாடம் செய்திருந்தேன், என்னுடையவளின் பக்கத்தைவிடக் கூடுதலாக.

ஓடையை நீந்தியவள் என்னுடையவள். கொட்டிலின் பின்னால் படுத்திருந்தவள் என்னுடையவள். பட்டாசுச் சத்தத்துக்கு எழுந்து போனவளும் அவள்தான். நான் எரிந்தெரிந்து கேட்ட கதைகளெல்லாம் எனக்கே சொந்தமானவை. சிரித்தேன் என்று நினைக்கிறேன். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். பிறகு மற்றக் கணக்கும் புரிந்தது. எதிர் மேசைக்காரி கால் நடுங்க நின்றது என்னுடையவளின் தடத்துக்குப் பக்கத்தில்.

எங்கள் விதிப்படி ஓர் இணைப்பை இரண்டாவது ஆள் ஒருவர் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். ஆர்-7க்குப் பொறுப்பானவள் அவள்தான். படங்களை அனுப்பிவிட்டுக் கூப்பிட்டேன். படகில் இருந்தாள். தண்ணீர் பலகையில் அடிக்கும் சத்தம் கேட்டது.

"அக்கா… ரெண்டும் ஒண்டு."

"ஓம்."

"அப்ப எந்த நம்பர் நிக்கும்?"

"முதலில பதிஞ்சது."

"அது உங்கட."

"ஓம்."

"சரி, நான் உறுதி எண்டு போடுறன்" என்றாள். போட்டாள். எங்கள் தரவில் ஒரு புலி குறைந்தது.

அவள் திரும்பி வந்தபோது கறுத்து, மெலிந்து, கொஞ்சம் அமைதியாகியிருந்தாள். அம்மாவுக்கென்று ஒரு போத்தல் காட்டுத்தேன் கொண்டுவந்தாள். அடுத்த பருவத்தைப் பற்றிப் பேச மேலாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். ஒரு புலிக்கு ஒருவர்தான் பொறுப்பு. அந்தத் தீவுக்குப் போவதும் அவர்தான். எண் எல்-12 என்பதால் அது நான் என்றார். நீச்சல் என்னவாயிற்று என்றும் கேட்டார். தேர்வில் தேறிய சான்றிதழை மேசையில் வைத்தேன். தேறியது மயிரிழையில் என்பதை அதில் எழுதுவதில்லை.

அப்போதுதான் அவள், தோளைக் குலுக்குகிறவள், தன் கோப்பையைக் கழுவி வைப்பவள், மேலாளரைப் பார்த்து, ஆனால் அங்கே இருந்தது தான்தான் என்று சொன்னாள். ஆங்கிலத்தில், மிக மெதுவாக. அந்த ஊர் ஆட்களைத் தனக்குத் தெரியும், அந்தப் பெண் தன்னைத் திரும்பி வரச் சொன்னார், புலியின் வலது பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததும் தான்தான் என்றாள். மேலாளர் விதியைத் திரும்பச் சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்லலாம் என்று காத்திருந்தாள் போலும். நான் சான்றிதழை மடித்துப் பைக்குள் வைத்தேன். எனக்குப் போகவேண்டும்.

மதியம் சாப்பாட்டு அறையில் அவள் எதிரே போய் உட்கார்ந்தேன். நான் கேட்டதையெல்லாம் சொன்னாள். எந்தச் சப்பாத்து சேற்றில் கழலாது, எந்த வேளையில் ஓடை வற்றும், படகில் எங்கே உட்கார்ந்தால் முதுகு நோகாது, அந்தப் பெண்ணுக்கு இங்கேயிருந்து என்ன வாங்கிக்கொண்டு போனால் விருப்பம். ஒழுங்காக, ஒவ்வொன்றாக. நான் குறித்துக்கொண்டேன். கடைசியில், இத்தனை நாளும் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேன்.

"நீர் அவளைக் கண்டனீரோ?"

கரண்டியால் கோப்பியைக் கலக்கினாள். சீனி போடாத கோப்பி.

"கால்தடம் கண்டனான்."

"அது தெரியும். ஆளைக் கண்டனீரோ?"

"அக்கா, உங்களிட்ட நம்பர் இருக்குத்தானே?"

"இருக்கு."

"அப்ப இது என்னட்ட இருக்கட்டும்."

முகம் சிவந்திருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும். பல மாதங்களாக நான் எதிர் மேசையை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சின்ன ஆறுதல் வந்தது. அது அதிக நேரம் நிற்கவில்லை.

மார்கழியில் நான் அங்கே இருப்பேன். அனுமதி வந்துவிட்டது, விமானச்சீட்டு எடுத்தாகிவிட்டது. அவள் என்னை அக்கா என்று கூப்பிடுவதை விடவில்லை, அம்மா கொடுத்துவிடும் பற்றிஸை வேண்டாம் என்பதுமில்லை. ஆனால் கண்டாளா, இல்லையா என்று இன்றுவரை சொல்லவில்லை. கண்டிருந்தால், புலி எந்தப் பக்கத்தைக் காட்டி நின்றது என்று கேட்க வேண்டும். நாளை மத்தியானமும் கேட்பேன்.